கோரா நூல் நிறச் சுவர்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பதற்காகவே இப்பழமொழியைப் பெரியோர் நமக்கு எடுத்துரைக்கின்றனர். ஆயினும் இங்கு நாம் அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, வீட்டுச் சுவரைப் பற்றியும் அதற்குப் பூசும் நிறத்தைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

பொங்கல் வந்தாலும், கிறிஸ்துமஸ் வந்தாலும், ரம்ஜான் வந்தாலும் நம் பரமக்குடியில் முதலில் நினைவுக்கு வருவது வீட்டுக்கு வெள்ளையடிப்பதுதான். ‘இந்த ஆண்டு என்ன நிறம் அடிக்கலாம்?’ என்று வீட்டில் பேச்சு எழும். அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், தம்பி தங்கையர் தமக்குப் பிடித்த நிறத்தைச் சொல்வர். இறுதியில் ‘அழுக்குத் தெரியாத நிறமாக இருக்கட்டும்’ என்ற முடிவுக்கு வந்து, அடர்ந்த பச்சையோ நீலமோ அடித்துவிடுவதும் உண்டு. ஒரு முறை அடித்த நிறத்துடன் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. எனவே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாளில் சற்று அறிவியலையும் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லதன்றோ?

நம் ஊர் நெசவாளர் ஊர். வைகையின் இக்கரையில் பரமக்குடியிலும் அக்கரையில் எமனேசுவரத்திலும் தறி ஓசை கேட்கும் தெருக்கள் பல உள்ளன. அத்தெருக்களில் வீடே தொழிற்கூடம். முன்னறையில் குழித்தறி, பின்னால் அடுப்படி, இடையில் படிக்கும் பிள்ளைகள் என்ற அமைப்பைப் பல வீடுகளில் காணலாம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் பக்கத்தில் சன்னல் வைக்க இடமில்லை. வாசல் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வரும் வெளிச்சம்தான் வெளிச்சம். இத்தகைய வீட்டுக்கு எந்த நிறம் ஏற்றது என்பதே எங்கள் வகுப்பு மாணவியர் எடுத்துக்கொண்ட கேள்வி. சாயம் ஏறாத, வெளுக்கப்படாத பருத்தி நூலை நம் நெசவாளர் ‘கோரா நூல்’ என்பர். முழு வெள்ளையும் அன்று, மஞ்சளும் அன்று. இரண்டுக்கும் இடையே இதமாக இருக்கும் நிறம் அது. கடைக்காரர் தரும் வண்ண அட்டையில் ஐவரி, கிரீம், ஆஃப் ஒயிட், சந்தன வெள்ளை என்று பல பெயர்களில் இருப்பவை அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அந்நிறமே நம் வீடுகளுக்கு ஏற்றது என்பது நாங்கள் கண்ட விடை. அதற்கான காரணங்களை இனிப் பார்ப்போம்.

சுவரும் ஒரு விளக்கே

அறைக்குள் வரும் ஒளி நேராக நம் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. அது சுவரில் பட்டு, கூரையில் பட்டு, தரையில் பட்டு, மீண்டும் சுவரில் பட்டு நான்கு புறமும் சிதறுகிறது. கண்ணாடி ஒளியை ஒரே திசையில் திருப்பும். சொரசொரப்பான சுவரோ எல்லாத் திசைகளிலும் சிதறவிடும். வாசலுக்கு நேராக இல்லாத மூலையிலும் நம்மால் படிக்க முடிவது இந்தச் சிதறலால்தான்.

ஆனால் ஒவ்வொரு முறை சுவரில் படும்போதும் ஒளியின் ஒரு பகுதியைச் சுவர் விழுங்கிவிடுகிறது. எவ்வளவு விழுங்குகிறது என்பது நிறத்தைப் பொறுத்தது. புதிதாக அடித்த வெள்ளைச் சுவர், தன்மீது விழும் 100 பங்கு ஒளியில் ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பித் தரும். வெளிர்ந்த கோரா நிறம் ஏறக்குறைய 70 பங்கைத் தரும். அடர்ந்த பச்சை, அடர்ந்த நீலம், காப்பி நிறம் ஆகியவை 10 முதல் 20 பங்குதான் தரும்.

இதைச் சிறு கணக்காகச் செய்து பார்ப்போம். வெள்ளைச் சுவரில் 100 பங்கு ஒளி பட்டால் முதலில் 80, இரண்டாம் முறை 64, மூன்றாம் முறை 51 பங்கு மிஞ்சும். கோரா நிறத்தில் 70, 49, 34 என்று குறையும். 15 பங்கு மட்டுமே திருப்பித் தரும் அடர்ந்த பச்சையிலோ முதல் முறை 15, இரண்டாம் முறை 2, மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை எனலாம். வாசலில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உள்ளே மூன்றாம் மூலையில் உட்கார்ந்து நூல் சுற்றும் பாட்டிக்குத்தான் அது தெரியும்.

கூரைக்கு வெள்ளையும், சுவருக்கு வெளிர்ந்த கோரா நிறமும் அடித்தால் வெளிச்சமும் குறையாது, கண்ணும் கூசாது. மின்சாரம் செலவின்றிப் பகல் முழுதும் எரியும் விளக்காகச் சுவரே விளங்கும்.

பெட்டிச் சோதனை

இவ்வுண்மையைக் கண்ணால் காண்பதற்காக எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்யச் சொன்னார்கள். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒரே அளவுள்ள செருப்புப் பெட்டிகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியின் உட்புறம் வெள்ளைத்தாள், இரண்டாவதில் கோரா நிறத்தாள், மூன்றாவதில் அடர்ந்த பச்சைத்தாள், நான்காவதில் பளிச்சென்ற மஞ்சள்தாள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் வெளிச்சம் வர ஒரு துளையும், வேறொரு பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளையும் இடுங்கள். வெளிச்சம் நேராக விழாத மூலையில் கறுப்பு, கருநீலம், ஊதா, வெள்ளை ஆகிய நான்கு நிற நூல்துண்டுகளை வையுங்கள். மூடியை மூடி, சன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

வெள்ளைப் பெட்டியிலும் கோராப் பெட்டியிலும் நான்கு நூல்களையும் எங்களால் தனித்தனியே சொல்ல முடிந்தது. பச்சைப் பெட்டியில் கறுப்பு எது, கருநீலம் எது என்று எவராலும் கூற இயலவில்லை. மஞ்சள் பெட்டியில் வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. ஆனால் வெள்ளை நூல் மஞ்சளாகவும், ஊதா நூல் மங்கிய பழுப்பாகவும் தோன்றின. ஆகவே சுவர் வெளிச்சம் தந்தால் மட்டும் போதாது. தன் நிறத்தைப் பிற பொருள்கள்மீது ஏற்றாமலும் இருக்க வேண்டும் என்பது விளங்கியது. இதனால்தான் வெளிர்ந்த நடுநிலை நிறம் வேண்டும் என்கிறோம்.

தறிக்கு முன்னால்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் தறி இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் அங்குச் சென்றிருந்தோம். பகல் பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தறிக்கு மேலே மட்டும் விளக்கு எரிந்தது.

“தாத்தா, இவ்வளவு வெயில் இருக்கும்போது விளக்கு எதற்கு?” என்று கேட்டோம்.

“அழுக்குத் தெரியக்கூடாதுன்னு சுவருக்குப் பச்சை அடிச்சோம் பாப்பா. இப்ப அழுக்கும் தெரியல, நூலும் தெரியல. பாவுல ஒரு இழை அறுந்தா தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்” என்றார் தாத்தா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சிரிப்பாக இல்லை. அறுந்த இழையைக் காணாமல் நெய்துவிட்டால் அந்தச் சேலையில் ஒரு கோடு விழுந்துவிடும். குறை உள்ள சேலைக்குக் கூலி குறையும். நாள் முழுதும் மங்கலில் நூலை உற்றுப் பார்ப்பவருக்குக் கண்வலியும் தலைவலியும் வந்து சேரும். ஆகவே நெசவாளர் வீட்டில் சுவரின் நிறம் அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அது கண்ணையும் கூலியையும் பற்றிய செய்தி.

அவ்வீட்டார் முழு வீட்டையும் மாற்றவில்லை. பொங்கலுக்கு முன் தறிக்கு எதிர்ச்சுவரையும் பக்கச்சுவரையும் மட்டும் சுரண்டி, கோரா நிறச் சுண்ணாம்பு அடித்தார்கள். இப்போது காலையிலிருந்து பிற்பகல் வரை விளக்கில்லாமலே தறி ஓடுகிறது. வசதி குறைந்தவர்கள் நான்கு சுவரையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை, வெளிச்சம் வந்து விழும் சுவரை முதலில் மாற்றினாலே போதும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

பிரான்சு நாட்டு எடுத்துக்காட்டு

சுவர் நிறத்துக்கும் நூல் நிறத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசும்போது, பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரல் என்பவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இவர் 1786ஆம் ஆண்டு பிறந்து 1889ஆம் ஆண்டு வரை, நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். பாரிஸ் நகரில் சித்திரத் திரைகள் நெய்யும் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக 1824ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். ‘கறுப்புச் சாயம் நன்றாக ஏறவில்லை’ என்று அங்குள்ளோர் அவரிடம் முறையிட்டனர். அவர் வேறு இடங்களில் சாயமிட்ட கறுப்பு நூலைத் தருவித்து ஒப்பிட்டார். சாயத்தில் குறை ஒன்றும் இல்லை! கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் வைத்து நெய்ததால்தான் கறுப்பு மங்கலாகத் தோன்றியது.

ஒரு நிறம் தனக்குப் பக்கத்தில் உள்ள நிறத்தால் மாறித் தோன்றும் என்ற இந்த உண்மையை விரிவாக ஆராய்ந்து 1839ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். நெசவுக்கூடத்தில் பிறந்த அந்த ஆராய்ச்சி, பின்னர் ஓவியர்களுக்கும் பெரிதும் பயன்பட்டது.

இதை நம் வீட்டிலும் காணலாம். பச்சைச் சுவருக்கு முன் சிவப்புச் சேலையைப் பிடித்தால் சிவப்பு மிகுந்து தோன்றும். அதே சேலையை வாசலுக்குக் கொண்டு வந்தால் அத்தனை சிவப்பாக இராது. கோரா நிறச் சுவரோ சேலையின் நிறத்தில் குறுக்கிடுவது மிகவும் குறைவு. நெய்பவருக்கும் வாங்குபவருக்கும் அது நடுநிலையான சாட்சியைப் போன்றது.

தூய வெள்ளை ஏன் வேண்டாம்?

‘வெளிச்சம்தான் வேண்டுமென்றால் தூய வெள்ளையே அடிக்கலாமே’ என்று தோழியர் சிலர் கேட்டனர். நல்ல கேள்விதான். வெளிச்சம் மிகக் குறைந்த அறைக்கு வெள்ளையே அடிப்பதில் தவறில்லை. ஆனால் நம் இராமநாதபுரம் மாவட்டத்து வெயில் கடுமையானது. வாசல் வழியாக நேர்வெயில் வெள்ளைச் சுவரில் விழுந்தால் கண் கூசும். கூசும் சுவரைப் பார்த்த கண்ணுக்கு அருகிலுள்ள தறியோ புத்தகமோ இருண்டு தெரியும். சிறிது மஞ்சள் கலந்த வெளிர்நிறம் இக்கூச்சத்தைக் குறைக்கிறது. மேலும் அடுப்புப் புகையும் தெருப்புழுதியும் தூய வெள்ளையில் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். கோரா நிறத்தில் அவ்வளவு விரைவில் தெரியாது. அழுக்குத் தெரியக்கூடாது என்ற அம்மாவின் விருப்பமும் ஓரளவு நிறைவேறும்.

ஒரு செய்தியையும் இங்குத் தெளிவாக்க வேண்டும். வெளிர்நிறம் அடித்தால் வீடு குளிரும் என்பர். வெயில் படும் வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் இது பொருந்தும். அங்கு அடித்த வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூட்டைக் குறைக்கும். உட்சுவரின் நிறத்தால் சூடு பெரிதாக மாறுவதில்லை. உள்ளே கிடைக்கும் பயன் வெளிச்சமே.

சுண்ணாம்பின் வேதியியல்

நம் பாடநூலில் படித்த வேதியியல் நம் வீட்டுச் சுவரிலேயே நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட் என்ற சேர்மத்தால் ஆனவை. சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. இதில் நீர் சேர்த்தால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அடித்த இரண்டு மூன்று நாளில் சுவர் பளிச்சிடத் தொடங்குவது இதனால்தான். கல்லாக இருந்தது தூளாகி, பாலாகி, மறுபடியும் மெல்லிய கல்லாகச் சுவரில் படிகிறது. சுண்ணாம்பு வலிமையான காரத்தன்மை உடையது. ஆதலால் புதிதாக அடித்த சுவரில் பூஞ்சையும் கிருமிகளும் எளிதில் வளர்வதில்லை.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இக்கலை உச்சநிலையை அடைந்தது. 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அவ்வூரும் நம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. கிளிஞ்சல் சுண்ணாம்பு, மெல்லிய மணல், முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி ஆகியவற்றைப் பக்குவமாகச் சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்து மெருகேற்றினர். முட்டையோட்டைப் போன்ற வழவழப்பும் வெளிர்நிறமும் கொண்ட அச்சுவர்களை இன்றும் அங்குக் காணலாம். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னர் காலத்தில் தீட்டிய ஓவியங்களும் சுண்ணாம்புச் சுவரின் மீதுதான் நிலைத்து நிற்கின்றன. ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

இங்கு வருந்தத்தக்க ஒரு செய்தியும் உண்டு. மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் பவளப்பாறைகளையும் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்காகச் சுட்டனர். அவ்வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. அளவுமீறிப் பவளப்பாறையை எடுத்ததே அதற்குப் பெருங்காரணம் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். 1986ஆம் ஆண்டு அத்தீவுப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் பாறை அமைக்கும் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலும் உள்ளன. நம் சுவரை வெளுக்கக் கடலின் அடித்தளத்தை உடைப்பது முறையன்று. கல்சுண்ணாம்பு நமக்குப் போதும்.

மஞ்சள்தூளும் மஞ்சள்காவியும்

வெள்ளைச் சுண்ணாம்பைக் கோரா நிறமாக்குவது எப்படி? ‘அடுக்களையில் மஞ்சள்தூள் இருக்கிறதே’ என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு செய்தல் கூடாது. மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கும்போது மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பதே அதற்குக் காரணம். சுவரிலும் அதுவே நிகழும். போதாக்குறைக்கு மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்தும் போகும்.

மஞ்சள்காவி அத்தகையதன்று. அது இரும்புச் சேர்மம் கலந்த மண். காரத்தாலும் வெயிலாலும் நிறம் மாறாது. எனவே சுண்ணாம்புடன் கலக்க அதுவே ஏற்றது. மிகச் சிறிதளவே சேர்க்க வேண்டும். மிகுந்தால் கோரா நிறம் போய்ச் சுவர் மஞ்சளாகிவிடும். வழக்கமாகச் சுண்ணாம்பில் சிறிது நீலப்பொடி கலப்பார்கள். சுண்ணாம்பின் மெல்லிய மஞ்சள் சாயலை நீலம் மறைத்து வெள்ளையைப் பளிச்சிடச் செய்யும். நமக்கு அச்சாயலே வேண்டுவதால் கோரா நிறத்துக்கு நீலம் சேர்க்க வேண்டியதில்லை.

அடிக்கும் முறை

1. பழைய பூச்சைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, விரிசல்களை அடைக்க வேண்டும். எண்ணெய் வண்ணமோ எமல்ஷனோ அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் வெறும் பூச்சுச் சுவரிலும் நன்றாகப் பிடிக்கும்.

2. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் நீர் வேண்டும். நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். அப்போது அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் ஆகாது, குனிந்து எட்டிப் பார்ப்பதும் ஆகாது. சிறுவர் அருகில் இருக்கக்கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே கால்மணி நேரம் தூய நீரால் தொடர்ந்து கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

3. ஒரு நாள் முழுதும் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பாலின் பதத்தில் இருத்தல் நலம். கையில் ஒட்டாமல் இருக்கச் சிறிது வஜ்ஜிரப் பசை காய்ச்சிச் சேர்ப்பர்.

4. மஞ்சள்காவியைத் தனியே நீரில் குழைத்து வடிகட்டிப் பிறகே கலக்க வேண்டும். ஓர் அறைக்கு வேண்டியது முழுவதையும் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை கலந்தால் அதே நிறம் வாராது.

5. முதலில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் அடர்ந்து தோன்றும் நிறம் காய்ந்தபின் மிகவும் வெளிறிவிடும். எனவே காயும்வரை பொறுத்து முடிவு செய்ய வேண்டும்.

6. சுவரை நீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பின்னரே அடுத்தது. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் உதிர்ந்துவிடும்.

கடையில் வாங்கும் வண்ணங்கள்

இப்பொழுது பல வீடுகளில் டிஸ்டெம்பரும் எமல்ஷனும் அடிக்கின்றனர். ஈரத்துணியால் துடைக்க முடிவதும், கையில் ஒட்டாததும் எமல்ஷனின் நன்மைகள். ஆனால் நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்நீர். அந்நீரில் கட்டிய சுவரில் ஈரம் ஏறும்போது உப்புப் பூத்து வெளியே வரும். காற்றுப் புகாத வண்ணம் அடித்திருந்தால் அது கொப்பளித்து உரிந்துவிடும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். எனவே உப்புப் பூக்கும் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. உலர்ந்த, உறுதியான சுவருக்கு எமல்ஷன் அடிக்கலாம். மினுமினுப்பு இல்லாத வகையை வாங்கினால் விளக்கொளி சுவரில் பட்டுக் கண்ணில் அடிக்காது.

வண்ண அட்டையில் உள்ள சிறு கட்டத்தை மட்டும் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சிறு டப்பா வாங்கி, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஓரிடத்திலும் இருண்ட மூலையில் ஓரிடத்திலும் அடித்துக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்க்க வேண்டும். மஞ்சள் ஒளி தரும் விளக்கில் கோரா நிறம் மேலும் மஞ்சளாகும். நீலம் கலந்த வெண்ணொளி தரும் விளக்கில் சற்று மங்கலாகும். சிவப்புச் சிமெண்ட் தரை உள்ள அறையில் தரையின் சாயலும் சுவரில் ஏறும். அத்தகைய அறைக்கு மிகமிக வெளிர்ந்ததைத் தேர்ந்தெடுப்பது நன்று.

ஈயத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பழைய மஞ்சள் எண்ணெய் வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் இருந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது என்ற விதி 2016ஆம் ஆண்டு இந்தியாவில் இயற்றப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே வாங்கும்போது டப்பாவின் மேலுள்ள குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். பழைய கதவு, சன்னல் வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். அவ்வேளையில் கைக்குழந்தைகளை வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழகுக்கு என்ன செய்வது?

‘எல்லாச் சுவரும் ஒரே வெளிர்நிறம் என்றால் வீடு வெறிச்சென்று இருக்குமே’ என்று அஞ்ச வேண்டாம். நிறம் சுவரில் இல்லாவிட்டால் பொருள்களில் தெரியும். தேய்த்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கும், தேக்குக் கதவும், கொடியில் காயும் சேலையும், பாட்டி கட்டிய கூடையும் கோரா நிறச் சுவருக்கு முன்தான் எடுப்பாக விளங்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் செங்காவியில் அடிப்பட்டை அடித்தால், வீடு பெருக்கும்போதும் கழுவும்போதும் படும் அழுக்குத் தெரியாது. சுவருக்கும் ஒரு கரை போட்டாற்போல் இருக்கும். கரையில்லாத சேலை உண்டா? பிள்ளைகள் படிக்கும் மூலையில் படங்களையும் நாள்காட்டிகளையும் நிறைய மாட்டாமல், வெளிச்சம் திரும்பி வரச் சுவரை விட்டு வைத்தல் வேண்டும். உயர்ந்த அலமாரியைச் சன்னலை மறைக்காமல் வைத்தல் வேண்டும். செலவில்லாத இவ்விரண்டையும் இன்றைக்கே செய்யலாம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பெரியவர்கள் காரியம் என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஒளியின் எதிரொளிப்பையும், சுண்ணாம்பின் வேதியியலையும், காரத்தில் மஞ்சள் சிவப்பதையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நிறுத்திவிட்டால் அக்கல்வி பாதிக் கல்வியே. அடுத்த முறை வீட்டில் ‘என்ன நிறம்?’ என்ற பேச்சு எழும்போது, அம்மாவிடமும் அப்பாவிடமும் மரியாதையுடன் இவற்றை எடுத்துச் சொல்வோம். முதலில் இரண்டடிச் சதுரம் அடித்துக் காட்டுவோம். அவர்களே பார்த்து முடிவு செய்யட்டும்.

தறியில் உட்காரும் தாத்தாவுக்கு அறுந்த இழை தெரிய வேண்டும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு அரிசியில் கல் தெரிய வேண்டும். மூலையில் படிக்கும் தம்பிக்கு எழுத்துத் தெரிய வேண்டும். இவை தெரியும்படி அமைந்த சுவரே அழகான சுவர் என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு